ஸ்டார் வார்ஸ் என்ற விண்வெளிப் படவரிசையின் 9ஆம் பாகம் ஏன் பலருக்கு ஏமாற்றமாக இருந்தது?

முக்கியக் காரணம், முந்தைய படம் கட்டியதை இந்தப் படமே இடித்ததுதான். 2017இல் ரையன் ஜான்சன் இயக்கிய 8ஆம் பாகத்தில், கதாநாயகி ரேயின் பெற்றோர் சாதாரண ஆட்கள், குடிக்கக் காசு வேண்டும் என்று பெற்ற பிள்ளையையே விற்றவர்கள் என்று சொல்லப்பட்டது. எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது. பெரிய வீட்டு வாரிசாக இல்லாத ஒரு பெண்ணும் இந்தக் கதையின் வீரர்கள் ஏந்தும் ஒளிவாளைத் தூக்கலாம் என்று அர்த்தம் அல்லவா! 2019 டிசம்பரில் ஜே.ஜே. ஏப்ரம்ஸ் எடுத்த முடிவுப் படம், அவளைக் கொடிய பேரரசன் பால்படீனின் பேத்தியாக்கிவிட்டது. அந்தப் பால்படீனோ 1983 படத்திலேயே செத்துப்போனவன். எப்படித் திரும்பி வந்தான் என்பதற்கு ஒழுங்கான பதிலே இல்லை.

மதுரையில் தம்பியோடு பார்த்தேன். நாயகர்களின் தோழனான, உடலெல்லாம் முடி வளர்ந்த சூபாக்கா வெடித்துச் செத்துவிட்டது என்றதும் தம்பி என் கையை இறுக்கிப் பிடித்தான். கொஞ்ச நேரத்திலேயே அது உயிரோடு வந்து நின்றது. அப்புறம் ஒரு காட்சிக்கும் அவன் பதறவில்லை. கோரிப்பாளையத்தில் டீ குடிக்கும்போது, “எதையும் நம்ப முடியலண்ணே” என்றான்.

சரி, படக்குழுவுக்கும் நெருக்கடி இருந்தது. முதலில் இயக்க இருந்த காலின் ட்ரெவாரோ 2017இல் விலகினார். இளவரசி லேயாவாக நடித்த கேரி ஃபிஷர் 2016இலேயே இறந்துவிட்டதால், பழைய படங்களில் மிஞ்சிய காட்சிகளை வைத்தே அவர் வரும் பகுதிகளை ஒப்பேற்றினார்கள். அந்தக் காட்சிகளில் மட்டும் எனக்குக் கண் கலங்கியது.