தோழியின் கட்டுரையை எப்படிப் படிப்பது?

கல்லூரியில் சிறுகதையும் நாவலும் பாடமாகப் படிக்கிற பிள்ளைகளிடமிருந்து இந்த மாதம் நிறையக் கடிதங்கள். கும்பகோணத்தில் பல வருடம் இதே தாளைச் சொல்லிக்கொடுத்தவள் என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை எடுத்துக்கொண்டேன்.

பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' கதையைப் பற்றி நாலு பக்கம் அசைன்மென்ட் எழுதினேன். 'இது கதைச் சுருக்கம், ஆய்வு இல்லை' என்று மேடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். கதையைச் சொல்லாமல் கதையைப் பற்றி எப்படி எழுதுவது?
*மாணவி, மன்னார்குடி*

கட்டுரையின் நகலையும் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள், நல்லதாகப் போயிற்று. முதல் பக்கம் முழுக்க அவருடைய வாழ்க்கை: 1921-ல் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் தேவங்குடியில் பிறந்தார், பள்ளி ஆசிரியராக இருந்தார், பிறகு வானொலியில் வேலை பார்த்தார். அடுத்த இரண்டரைப் பக்கம் கதை. கடைசி அரைப் பக்கத்தில், 'இக்கதை மனிதநேயத்தை வலியுறுத்துகிறது.'

அந்தக் கடைசி வரியை எடுத்து வேறு பத்துக் கதைக்கு அடியில் எழுதிப் பாருங்கள். பத்துக்கும் பொருந்தும். அப்படியானால் அது இந்தக் கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் மேடம் திருப்பிக் கொடுத்தது இதற்காகத்தான் இருக்கும்.

கதை என்ன? திருச்சியிலிருந்து மாயவரம் போகிற ரயிலில் ஓர் அப்பாவும் சின்னப் பையனும். பையனிடம் ஓர் ஆரஞ்சு. அதே பெட்டியில், வீட்டு வேலைக்காகக் கல்கத்தா போகிற சிறுமி ஒருத்தி. பிரிகிற நேரத்தில் பையன் அந்த ஆரஞ்சை அவளிடம் கொடுத்துவிடுகிறான். சுருக்கம் இவ்வளவு போதும். உங்கள் கட்டுரையைப் படிக்கிறவர் கதையைப் படித்தவர்.

இனிமேல்தான் வேலை. இந்தக் கதையைச் சொல்வது யார்? அப்பா. கொடுப்பது பையன், ஆனால் மெய்சிலிர்ப்பது அப்பா. தலைப்பில் இருப்பதும் அந்தச் சிலிர்ப்புதான். சரி, சிறுமி கல்கத்தா போவது நின்றதா? நிற்கவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வரி கிடைக்கிறது: 'கதையை அப்பா சொல்வதால் பையனின் செயல் பெரிதாகத் தெரிகிறது, சிறுமியின் பயணம் அந்தப் பெருமிதத்துக்குப் பின்னால் போய்விடுகிறது.' உங்கள் வகுப்பிலேயே யாராவது எழுந்து, 'இல்லை, அவள் பேசுகிற இடங்களிலெல்லாம் கதை அவளை மட்டும்தான் பார்க்கிறது, பின்னால் போகவே இல்லை' என்று சொல்லலாம். சொல்லட்டும். இன்னொருவர் கதையிலிருந்தே வரி காட்டி மறுக்க முடிகிற வாக்கியம்தான் வாதம். 'மனிதநேயம்' என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை, அதனால்தான் அதை வைத்துக்கொண்டு நாலு பக்கம் நகர முடியவில்லை.

வாதம் கிடைத்த பிறகு கதையைப் பென்சிலோடு மறுபடி படியுங்கள். ஆரஞ்சு வருகிற ஒவ்வொரு இடத்திலும் ஓரத்தில் ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில், அந்த நிமிஷம் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று ஒரு சொல். சிறுமி வாய் திறக்கிற இடங்களுக்கும் அப்படியே. முடித்துவிட்டுப் பார்த்தால் எந்த மூன்று இடங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஓர் இடத்துக்கு ஒரு பத்தி. கதையின் வரியை மேற்கோளாகப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்கு ஓடிவிடாதீர்கள். அந்த வரியில் எந்தச் சொல் உங்கள் வாதத்துக்கு உதவுகிறது என்று நின்று சொல்லுங்கள். இரண்டு மடங்கு நேரம் அங்கே செலவாகும், ஆகட்டும்.

தேவங்குடி? எடுத்துவிடுங்கள். வாதத்துக்கு வேண்டியிருந்தால் தானாகத் திரும்பி வரும்.

எம்.ஏ. வகுப்பில் ஒருவர் கட்டுரையை ஒருவர் படித்துக் கருத்து எழுதித் தர வேண்டும். என் நெருங்கிய தோழி கு.ப.ரா.வின் (கு.ப. ராஜகோபாலன்) 'விடியுமா?' சிறுகதை பற்றி எழுதியிருந்தாள். 'நன்றாக இருக்கிறது, சந்திப்பிழை கவனிக்கவும்' என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் கருத்துக்கு எனக்கு மார்க்கே போடவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் என்னோடு பேச மாட்டாள். நான் என்ன செய்வது?
*மாணவி, கும்பகோணம்*

மார்க் போடாதவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். உங்கள் தோழி ராத்திரி கண்விழித்து எழுதியதை நீங்கள் படித்தீர்களா என்பதற்கே அந்தக் குறிப்பில் அடையாளம் இல்லை.

அவளுடைய பத்தி ஒன்றை நீங்கள் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்: 'கு.ப.ரா. பெண்களின் மன உணர்வுகளை நுட்பமாகச் சித்திரிக்கிறார். கணவனின் நிலை அறிந்து குஞ்சம்மாள் அடையும் துயரம் நம் நெஞ்சை உருக்குகிறது.' இதற்கு 'ஆழம் போதாது' என்று எழுதினால் அவள் கோபப்படுவாள், கோபப்பட்டாலும் நியாயம்தான். ஆழம் எங்கே போதவில்லை, எப்படித் தோண்டுவது என்று அதில் ஒன்றும் இல்லையே. நானாக இருந்தால் ஓரத்தில் இப்படி எழுதுவேன்:

'நுட்பம் என்கிறாய், எந்த இடத்தில்? தந்தி வருகிற இடமா, ராத்திரி ரயில் பயணமா? இன்னொன்று: எனக்குப் படிக்கும்போது குஞ்சம்மாள் துயரப்படுகிறாளா, வேறு ஏதோ ஒன்றும் அதில் கலந்திருக்கிறதா என்று சந்தேகமாகவே இருந்தது. அவளை நாம் உடன்பிறந்தவனுடைய கண் வழியாகத்தான் பார்க்கிறோம். அவனுக்குத் தெரிவது எவ்வளவு, அவன் ஊகிப்பது எவ்வளவு? இதை நீ எழுதினால் நான் ஆவலாகப் படிப்பேன்.'

பாருங்கள், 'தப்பு' என்ற சொல் இதில் எங்கேயும் இல்லை. ஆனால் அவள் திருத்தி எழுத உட்கார்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது இதில் இருக்கிறது. கதையைப் பற்றி இருவரும் சேர்ந்து பேச ஆரம்பித்துவிட்டீர்கள். அவளைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

செய்முறையும் சொல்கிறேன். முதல் தடவை கையில் பேனா இல்லாமல் கடைசி வரை படியுங்கள். மூடி வைத்துவிட்டு, 'நீ சொல்ல வருவது இதுதான் என்று எனக்குப் பட்டது' என்று ஒரே வாக்கியம் எழுதுங்கள். ஒருவர் மற்றவருக்குத் தரக்கூடியதில் இதைவிடப் பயனுள்ளது எதுவும் கிடையாது என்பது என் தீர்மானமான கருத்து. அவள் நினைத்தது ஒன்று, உங்களுக்குப் பட்டது இன்னொன்று என்றால், எங்கே சரிசெய்ய வேண்டும் என்று அந்த இடத்திலேயே தெரிந்துபோகும். இரண்டாவது தடவை பேனாவோடு. எங்கே திரும்பப் படிக்க வேண்டியிருந்ததோ அங்கே ஒரு கோடு, எங்கே 'அட!' என்று தோன்றியதோ அங்கே ஒரு டிக். அந்த டிக்கை மறந்துவிடாதீர்கள், தன் கட்டுரையில் எது உயிரோடு இருக்கிறது என்று எழுதியவருக்குப் பல சமயம் தெரிவதில்லை. சந்திப்பிழையெல்லாம் கடைசிப் படியில் பார்த்துக்கொள்ளலாம். நாளைக்கு அடித்துவிடப் போகிற பத்திக்கு இன்றைக்கு ஒற்றெழுத்துப் போட்டு என்ன பயன்?

அவள் உங்கள் கட்டுரையைப் படித்துச் சொல்லும்போது குறுக்கே பேசாமல் குறித்துக்கொள்ளுங்கள். சொன்னதையெல்லாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால், அவர்கள் சொல்கிற மருந்து சரியோ இல்லையோ, வலி அங்கே இருப்பது உண்மை.

இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவல் பற்றி எழுதுகிறேன். கீழ்வெண்மணிச் சம்பவத்தைக் கட்டுரையில் கொண்டுவரலாமா? என் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டியவன் நிலம் உள்ள குடும்பத்துப் பையன். என் தாத்தா கூலிக்கு நடவு நட்டவர். இரண்டு பேருக்கும் சங்கடமாக இருக்கிறது.
*மாணவர், திருவாரூர்*

தம்பி, கட்டாயம் கொண்டுவர வேண்டும். 1968 டிசம்பர் 25-ம் தேதி ராத்திரி, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நாம் குடியிருக்கிற மண்ணில் நடந்தது. அதைச் சொல்லாமல், அதை வைத்து எழுதப்பட்ட நாவலைப் பற்றி எழுதினால் பாதிதான் எழுதியதாகும்.

ஆனால் நடந்தது வேறு, நாவலில் நடப்பது வேறு. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்துவிடாதீர்கள். நாவலுக்கு 1977-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதன்மேல் கடுமையான விமர்சனமும் உண்டு. நிலவுடைமையாளனின் கொடுமைக்கு அவனுடைய ஆண்மைக் குறையை ஒரு காரணமாக நாவல் முன்வைக்கிறது. கூலிப் போராட்டத்தை ஒரு தனி மனிதனின் மனக்கோளாறாக இது சுருக்கிவிடுகிறது என்கிறார்கள். உங்கள் கட்டுரைக்கான கேள்வி இங்கே தயாராக இருக்கிறது. நாவல் உண்மையிலேயே சுருக்குகிறதா? எந்த அத்தியாயத்தில் கூலி பேசப்படுகிறது, எந்த அத்தியாயத்தில் அவனுடைய உடம்பு பேசப்படுகிறது? எண்ணி எடுத்து எழுதுங்கள். உங்கள் கோபத்தை மறைக்க வேண்டாம், அது நியாயமான கோபம். அதற்குப் பக்க எண் கொடுங்கள், அவ்வளவுதான்.

அந்தப் பையனைப் பற்றி. உங்கள் வாதம் நாவலின் வரிகளில் நிற்கிறதா என்பதை அவன் சொல்லலாம். உங்கள் தாத்தா பட்டது உண்மையா என்று தீர்ப்புச் சொல்ல அவனுக்கு இடமில்லை. அதேபோல் அவன் எழுதுவதற்கு அவன் வீட்டு நிலத்தை வைத்து நீங்கள் பதில் சொல்லக் கூடாது. இதைப் படிக்க உட்காருவதற்கு முன்பே இருவரும் வாய்விட்டுப் பேசி ஒப்புக்கொள்ளுங்கள். அப்புறமும் பேச முடியவில்லை என்றால் வேறு ஆளைக் கேளுங்கள், ஆசிரியர் மறுக்க மாட்டார். ஆனால் முடிந்தவரை அவனோடுதான் உட்காருங்கள் என்பேன். உங்கள் கட்டுரையை இந்த ஊரில் இப்படி ஒருவன் படிப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கடையில் விற்கிற நோட்ஸைப் பார்த்து எழுதலாமா? செல்போனில் ஏஐ-யிடம் கேட்டால் உடனே எழுதித் தருகிறதே?
*மாணவர், பாபநாசம்*

இரண்டும் கதையை நீங்கள் படிக்காமலிருக்க உதவும். அதற்கு நான் துணை போக மாட்டேன்.

மகள் இலக்கியம் படிக்கிறாள். ராத்திரி பன்னிரண்டு மணிவரை கதையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறாள். இதனால் என்ன வேலை கிடைக்கும்?
*விவசாயி, திருத்துறைப்பூண்டி*

ஆசிரியர் வேலை, பத்திரிகை, பதிப்பகம், மொழிபெயர்ப்பு, போட்டித் தேர்வுகள் என்று வழி இருக்கிறது ஐயா. எதுவும் சுலபமாகக் கிடைக்காது, உங்களிடம் வேறு மாதிரி சொல்ல எனக்கு மனமில்லை. ஒருவர் எழுதிக் கொடுத்ததை வரி வரியாகப் படித்து, இதில் எது ஆதாரம், எது வெறும் பேச்சு என்று பிரிக்க உங்கள் மகள் பழகிக்கொண்டிருக்கிறாள். பயிர்க் காப்பீட்டுப் படிவம் வந்தால் அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

என் வகுப்பில் அறுபது பேர். ஒருவர் கட்டுரையை ஒருவர் படிப்பது நடைமுறையில் முடியுமா? ஒரு தடவை முயன்றேன், வெறும் அரட்டையாகப் போய்விட்டது.
*விரிவுரையாளர், மயிலாடுதுறை*

முடியும். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். இரண்டு பேர் என்றால் நட்பு குறுக்கே வரும், நாலு பேர் என்றால் ஒருவர் ஒதுங்கிக்கொள்வார். எழுதியவர் தன் முதல் பத்தியையும் பிடித்த ஒரு பத்தியையும் மட்டும் உரக்க வாசிக்கட்டும். முழுக் கட்டுரையையும் முந்தின நாளே வீட்டில் படித்துவிட்டு வர வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கேட்டவர்கள் பேசுவதற்கு முன் ஒரு தாளில் எழுதட்டும்: வாதம் எனக்குப் பட்டது எது, எந்த மேற்கோள் வேலை செய்கிறது, எங்கே எனக்கு நம்பிக்கை விட்டுப் போயிற்று. அந்தத் தாளை வாங்கி நீங்கள் மார்க் போடுங்கள். கட்டுரைக்குப் போடுவதுபோலவே, இன்டர்னலில் சேர்த்து. அரட்டை அடங்கிவிடும்.

முதல் தடவைக்கு எல்லோருக்கும் ஒரே கதையைக் கொடுங்கள், அதுவும் பத்துப் பக்கத்துக்குள் இருப்பதாக. ஆளுக்கொரு கதை என்றால் அடுத்தவர் கதையைப் படிக்காமலே கருத்துச் சொல்லத் தொடங்குவார்கள். நாவலை அடுத்த செமஸ்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.