ஆணுறை கிழிந்து 5 வாரத்தில் ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனை ‘பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. இதை நம்பலாமா?

நீங்கள் எழுதியது இதுதான்: ஆணுறை கிழிந்து 5 வாரம் ஆகிறது. உடம்பில் கொப்புளமோ எரிச்சலோ எதுவும் இல்லை. பயம் தாங்காமல் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் ஹெச்.எஸ்.வி. 2 ஐ.ஜி.ஜி. 1.6, பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. (ஹெச்.எஸ்.வி. என்பது ஹெர்பிஸ் வைரஸ். டைப் 1 பெரும்பாலும் உதட்டில், டைப் 2 பெரும்பாலும் பிறப்புறுப்பில் வரும். ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். என்பவை அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளின் இரண்டு வகைகள்.) தை மாதம் கல்யாணம். பெண் வீட்டில் என்ன காரணம் சொல்லி நிறுத்துவது என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் நிறுத்தாதீர்கள். அந்த 1.6-ஐ மட்டும் வைத்து உங்களுக்கு ஹெர்பிஸ் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. நான் மருத்துவர் இல்லை. ஆனால் இதே குழியில் விழுந்து எழுந்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாலு வருடம் முன்பு எனக்கும் இப்படி ஒரு தவறு நடந்தது. 9-ஆவது நாள் ஒரு லேபில் போய், எல்லாப் பால்வினை நோய்க்கும் சேர்த்துப் பார்க்கும் பேக்கேஜுக்குப் பணம் கட்டினேன். மறுநாள் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது ரிப்போர்ட் போனுக்கு வந்தது. மற்ற எல்லா வரியும் சாதாரண எழுத்தில் இருக்க, ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில்: ஹெச்.எஸ்.வி. 1, 2 ஐ.ஜி.எம். 1.42, பாசிட்டிவ். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி மூன்று ஸ்டாப் போய்விட்டேன். வீட்டில் எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு. அம்மா கேட்டதற்கு ஆபீசில் அம்மை நடமாட்டம் என்று பொய் சொன்னேன். (தட்டு, டம்ளர், துண்டு, கழிப்பறை வழியாகவெல்லாம் இது பரவுவதில்லை. நீங்களும் அப்படி ஒதுங்கியிருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.)

ஒரு வாரம் தூங்காமல் கிடந்துவிட்டுத் தோல், பால்வினை நோய் மருத்துவர் ஒருவரிடம் போனேன். அம்மா வயதிருக்கும். ரிப்போர்ட்டை நீட்டினேன், வாங்கவில்லை. “எத்தனை நாள்ல ரத்தம் குடுத்தீங்க தம்பி?” என்றுதான் முதலில் கேட்டார். சொன்னதும் மருந்துச் சீட்டைத் திருப்பி ஒரு நீளக் கோடு போட்டார். இந்த முனையில் 0, பக்கத்திலேயே 9, அந்தக் கோடியில் 84. “நீங்க இங்க நிக்கிறீங்க. பதில் அங்க இருக்கு” என்று பேனாவால் 84-ஐத் தட்டினார். 84 நாள் என்றால் 12 வாரம்.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். இந்த ரத்தப் பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை. வைரஸுக்கு எதிராக நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியைத் தேடுகிறது. அது உருவாக வாரக்கணக்கில் ஆகும். சிலருக்கு மூன்று வாரத்திலேயே தெரியும், பலருக்கு இன்னும் தள்ளிப் போகும், 12 வாரத்துக்குள் பெரும்பாலோருக்கு வந்துவிடும். அதனால் சீக்கிரம் எடுத்த பரிசோதனையில் நெகட்டிவ் வந்தாலும் தப்பித்தோம் என்று நினைக்கக் கூடாது.

ஐ.ஜி.எம். பற்றி அவர் சொன்னது ஒரே வரி: “அதைப் பார்க்கவே பார்க்காதீங்க.” புதுத் தொற்றில்தான் ஐ.ஜி.எம். வரும் என்று நாம் படித்திருப்போம். ஹெர்பிஸில் அது எடுபடாது. பழைய தொற்று மறுபடி தலைதூக்கும்போதும் ஐ.ஜி.எம். வரலாம். டைப் 1-ஆ, 2-ஆ என்றும் அது பிரித்துச் சொல்லாது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யே ஹெர்பிஸுக்கு ஐ.ஜி.எம். வேண்டாம் என்று வழிகாட்டுதலில் எழுதியிருக்கிறது. ஆனாலும் நம் ஊர் லேப் பேக்கேஜ்களில் அது இன்னமும் இருக்கிறது. அந்த ஒரு வரிக்காக எத்தனை பேர் என்னைப் போல ராத்திரி விழித்துக் கிடக்கிறார்கள் என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

உங்களுடையது ஐ.ஜி.ஜி., அந்த வகையில் பரவாயில்லை. ஆனால் எண்ணைப் பாருங்கள். லேப்களில் பரவலாகப் பயன்படும் பரிசோதனைக் கிட்டுகளில் 0.9-க்குக் கீழ் நெகட்டிவ், 1.1-க்கு மேல் பாசிட்டிவ், நடுவில் இருப்பது ரெண்டுங்கெட்டான். லேப் கம்ப்யூட்டருக்கு 1.2-ம் பாசிட்டிவ்தான், 9-ம் பாசிட்டிவ்தான். ஆனால் 1.1-க்கும் 3-க்கும் இடையில் வரும் ஹெச்.எஸ்.வி. 2 பாசிட்டிவ்களில் பொய்யானவை ஏராளம். அப்படி வந்தால் வேறொரு முறையில் உறுதி செய்யாமல் முடிவுக்கு வரக் கூடாது என்பதுதான் சி.டி.சி. 2021-இல் சொன்னது. உறுதி செய்ய உரைகல்லாக இருப்பது வெஸ்டர்ன் பிளாட் பரிசோதனை. அதில் பெயர்பெற்றது அமெரிக்காவில் சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம்.

அறிகுறியே இல்லாதவர்களுக்கு இந்த ரத்தப் பரிசோதனையைச் செய்யவே வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2016-இல் சொன்னது, 2023-இல் அதையே திரும்பச் சொன்னது. 100-க்கு 15 பேரிடம் தொற்று இருக்கும் கூட்டத்தில்கூட, வருகிற பாசிட்டிவ்களில் ஏறக்குறைய பாதி பொய்யாக இருக்கும் என்பது அவர்கள் 2016-இல் போட்ட கணக்கு.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 5 வாரத்தில் 1.6 என்பது, இப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கும் உண்மையான தொற்றாகவும் இருக்கலாம். இன்றைக்கு அதைப் பிரித்தறிய வழியில்லை. 12 வாரத்தில் எடுத்தால் உண்மையான தொற்று பெரும்பாலும் நன்றாக மேலே ஏறியிருக்கும். பொய்யான பாசிட்டிவாக இருந்தால் அங்கேயே நிற்கும், அல்லது இறங்கும். அதே லேபிலேயே கொடுங்கள், அப்போதுதான் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். அப்போதும் 3-க்குக் கீழேயே பாசிட்டிவாக இருந்தால், வேறு முறையில் உறுதி செய்ய என்ன வழி என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

எனக்கு 13-ஆவது வாரம் ஹெச்.எஸ்.வி. 2 நெகட்டிவ். ஹெச்.எஸ்.வி. 1 மட்டும் நல்ல பாசிட்டிவ். மறுபடி பதறினேன். “சின்ன வயசுல காய்ச்சல் விடும்போது உதட்டுல பொரிஞ்சிருக்கா?” என்றார் மருத்துவர். வருடத்துக்கு ஒரு தடவையாவது பொரியும், அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார். அதுதான் இது. உலகில் 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பேரிடம் டைப் 1 இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அது உதட்டிலா, பிறப்புறுப்பிலா என்று ரத்தப் பரிசோதனை சொல்லாது.

இடையில் எங்காவது கொப்புளமோ புண்ணோ வந்தால் அந்தக் கதையே வேறு. ரத்தத்தை விட்டுவிடுங்கள். ஓரிரு நாளுக்குள், அது காய்வதற்கு முன்பே மருத்துவரிடம் காட்டி, புண்ணிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்து பி.சி.ஆர். செய்யச் சொல்லுங்கள். வைரஸையே நேரடியாகப் பிடிப்பது அதுதான், எந்த டைப் என்றும் சொல்லும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக ஹெர்பிஸ் மருந்தான அசைக்ளோவிர் வாங்கிப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். புண் ஆறத் தொடங்கிவிட்டால் பரிசோதனையில் கிடைக்காமல் போகலாம்.

அப்புறம், ஹெர்பிஸ் பயத்தில் எச்.ஐ.வி.யையும் சிபிலிஸையும் மறந்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால் அவைதான் முதலில் பார்க்க வேண்டியவை. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. இப்போது ஒரு தடவை, 3 மாதம் முடிந்ததும் ஒரு தடவை பாருங்கள். போகத் தயக்கமாக இருந்தால் 1097-க்குப் போன் செய்து முதலில் பேசுங்கள், அதுவும் இலவசம்தான்.

உங்களுக்கு 12 வாரம் முடிய இன்னும் 7 வாரம் இருக்கிறது. அதுவரை யாரோடும் உறவு வேண்டாம். கல்யாணத் தேதி அதற்கு முன்னால் வந்தால் ஒரு மாதம் தள்ளிப் போடக் காரணம் தேடலாம், முறிக்க வேண்டியதில்லை. கடைசியில் உறுதியாகவே பாசிட்டிவ் என்று வந்தாலும் அந்தப் பெண்ணிடம் கல்யாணத்துக்கு முன்பே, நேரில், நீங்களே சொல்லுங்கள். பிள்ளைப்பேறு நெருங்கும் மாதங்களில் தாய்க்குப் புதிதாகத் தொற்றினால் பிறக்கும் குழந்தைக்கு ஆபத்து அதிகம், அதனால் அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். பரவுவதைக் குறைக்கத் தினசரி மாத்திரை இருக்கிறது, ஆணுறையும் ஓரளவு காக்கும். இரண்டு பேரும் சேர்ந்து மருத்துவர் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம். இப்போது அந்த ரிப்போர்ட்டில் ரத்தம் கொடுத்த தேதி எது, எந்தக் கிட், பாசிட்டிவுக்கு என்ன எல்லை போட்டிருக்கிறது என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். ராத்திரி எத்தனை மணிக்கு எழுதினாலும் பதில் போடுகிறேன்.