வாசகர் கேள்வி: மூளைத் தூண்டல் தற்காயத்தை நிறுத்துமா?

கேள்வி: என் 15 வயது மகள் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறாள். மண்டைக்கு வெளியிலிருந்தே மூளையைத் தூண்டும் சிகிச்சை அமெரிக்காவில் வந்துவிட்டதாமே?

பதில்: காந்தத் தூண்டல் கருவி ஒன்றை, 15 முதல் 21 வயதினரின் மனச்சோர்வுக்குத் துணைச் சிகிச்சையாக அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2024-இல் அனுமதித்தது உண்மைதான், ஆனால் தற்காயத்துக்கு அது இன்னும் சோதனை நிலையிலேயே இருக்கிறது. உணர்ச்சி பொங்கும்போது கடிவாளம் பிடிக்கும் முன்மூளையை வலுப்படுத்தலாம் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. காந்தத்துக்குப் பதில் மெல்லிய மின்னோட்டத்தைக் கொண்டு நடக்கும் சோதனைகளில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்குப் பொய்த் தூண்டலே தரப்படும்: நெற்றியில் அரை நிமிடம் குறுகுறுத்துவிட்டு, பிள்ளைக்குத் தெரியாமலேயே மின்னோட்டம் நின்றுவிடும். பிறர் அக்கறையோடு கவனிப்பதே பிள்ளைகளைத் தேற்றிவிடக்கூடும் என்பதால், இந்த ஒப்பீடு இல்லாத முடிவை நான் நம்பமாட்டேன். இப்போதைக்கு நல்ல சான்றுள்ளது, உணர்ச்சியைக் கையாளப் பழக்கும் டி.பி.டி. என்னும் பேச்சுவழிச் சிகிச்சைக்கே. மகளைக் கடிந்துகொள்ளாமல், இந்த வாரமே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவரை 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.