ரஸ்தாளியை வாட்டும் பூஞ்சை: கேள்வி பதில்

பயிர் நோய்ப் பூஞ்சைகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில்.

கோயம்பேட்டில் பூவன் தாராளமாகக் கிடைக்கிறது. ரஸ்தாளி மட்டும் ஏன் இந்த விலை?
விலைக்குப் பல காரணங்கள் உண்டு. வாடல் நோயும் ஒன்று. ஃபியூசேரியம் என்ற மண்பூஞ்சை வேர் வழியாகப் புகுந்து, தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். ரஸ்தாளி சட்டென்று பலியாகும், பூவன் பெரும்பாலும் தாங்கிவிடும். கன்று வைத்தே வளர்ப்பதால் தோப்பு முழுக்க ஒரே மரபணு. ஒன்று விழுந்தால் எல்லாம் விழும்.

பெரம்பூரில் என் மாடித்தோட்டத் தக்காளியும் வாடுகிறது. அதே பூஞ்சையா, சார்?
பெயர் ஒன்று, ஆள் வேறு. வாழைக்காரன் தக்காளியைத் தொடமாட்டான். ஏன் என்பதற்கு 2010இல் வந்த ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. தக்காளியை வாட்டும் ஃபியூசேரியத்துக்கு 15 குரோமோசோம்கள். நோய் உண்டாக்கும் திறமை அதற்கே உரிய சிலவற்றில்தான் இருக்கிறது. இதையும் நோய் தராத ஒரு சாதுவான ஃபியூசேரியத்தையும் ஒன்றாக வளர்த்தார்கள். இதன் குரோமோசோம் அதற்குத் தாவியது, சாது தக்காளியைத் தாக்க ஆரம்பித்தது! பெற்றோர் சொத்து அல்ல, பக்கத்து வீட்டுக் கைமாற்று.

உங்கள் செடிக்கு வருவோம். தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி படும்படி பிடியுங்கள். பால் போல இழையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல், பூஞ்சை அல்ல. எதுவானாலும் அந்தப் பையின் மண்ணில் மறுபடி தக்காளி வைக்காதீர்கள்.

குலை நோயைத் தாங்கும் நெல் ரகம் சில வருடங்களில் ஏன் கைவிடுகிறது?
பூஞ்சை சுரக்கும் ஒரு புரதத்தை அடையாளம் கண்டுதான் அந்த ரகம் விழித்துக்கொள்கிறது. அந்தப் புரதத்துக்கான மரபணு பெரும்பாலும் குரோமோசோம் நுனியிலோ, இடம் விட்டு இடம் தாவும் மரபணுக்கள் நிறைந்த இடத்திலோ இருக்கும். எளிதில் உடையும், தொலையும். தொலைத்த பூஞ்சையை நெல்லுக்கு அடையாளம் தெரியாது. வயல் முழுக்க ஒரே ரகம் என்றால் அப்புறம் அதன் ராஜ்ஜியம்தான்.

அயர்லாந்து உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்கும் பூஞ்சைதானே காரணம்?
இல்லை. அந்தக் கிருமி பார்க்கத்தான் பூஞ்சை மாதிரி. உறவுமுறையில் பழுப்புக் கடற்பாசிகளுக்கு நெருக்கம்.

சென்னையில் இதைப் படிக்க முடியுமா, அண்ணா?
முடியும். கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையம் இருக்கிறது. பேராசிரியர் டி. எஸ். சதாசிவன் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஃபியூசேரியம் வாடலைத்தான் ஆராய்ந்தார்.