பீச் மரமும் சென்ற ஆண்டின் இலைகளும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் வசிக்கிறேன். வீட்டின் பின்புறம் ஒரு பீச் மரம் நிற்கிறது. பிப்ரவரி இறுதியில் ஓர் இலைகூட இல்லாமல் மரம் முழுக்கப் பூத்துவிடுகிறது. இலையே இல்லாதபோது உணவு எங்கிருந்து வருகிறது? ஏப்ரலில் காய்கள் நெருக்கமாகப் பிடித்தபோது, பாதிக்கு மேல் பறித்துப் போடும்படி பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். என் மனைவி சம்மதிக்கவில்லை. பழங்கள் எலுமிச்சை அளவிலேயே நின்றுவிட்டன. இப்போது ஜூலையில் பறிப்பு முடிந்துவிட்டது. இனி இலைகளுக்கு வேலை இல்லை என்பதால் தண்ணீரை நிறுத்திவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விதான் அவசரமானது என்பதால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்: நிறுத்தாதீர்கள். பிப்ரவரியில் நீங்கள் பார்த்த பூக்கள், சென்ற ஆண்டு இலைகள் ஈட்டிவைத்ததைக் கொண்டு பூத்தவை. பழம் இறங்கிய பிறகும் இலைகள் ஒளிச்சேர்க்கையைத் தொடர்கின்றன. அவை ஆக்கும் சர்க்கரை வேரிலும் தண்டிலும் மாவுச்சத்தாகச் சேர்கிறது. உதிர்வதற்கு முன் இலையிலுள்ள தழைச்சத்தில் கணிசமான பகுதியையும் மரம் பட்டைக்கும் வேருக்கும் இழுத்துக்கொள்கிறது. வசந்தத்தில் பூவும் முதல் கொழுந்துகளும் இந்தச் சேமிப்பைத்தான் உண்கின்றன.

அடுத்த ஆண்டின் பூமொட்டுகளும் இந்தக் கோடையிலேயே இலைக்கணுக்களில் உருவாகத் தொடங்குகின்றன. இலையுதிர் காலத்தில் ஒரு கிளையை நெருங்கிப் பாருங்கள்: பல கணுக்களில் மூன்று மொட்டுகள் சேர்ந்திருக்கும், நடுவில் உள்ள மெலிந்த மொட்டு இலைக்கு, இருபுறமும் உள்ள பருத்தவை பூவுக்கு. இவை உருவாகும் ஆகஸ்ட் மாதத்தில் மரம் கடுமையாக வாடினால், மறு ஆண்டு இரட்டைக் காய்களும், ஆழமான பிளவுக்கோடு விழுந்த காய்களும் மிகுதியாக வரும் என்பது ஃபிரெஸ்னோ அமைந்திருக்கும் உங்கள் பள்ளத்தாக்கின் விவசாயிகள் அறிந்ததே. அளவறிந்து பாசனத்தைக் குறைப்பவர்கள் அங்கே உண்டு. அறவே நிறுத்துவது வேறு. மேலும், காற்றும் நீராவியும் போய்வரும் பீச் இலையின் நுண்துளைகள் அடிப்பக்கத்தில் மட்டுமே உள்ளன. வெயில் 40 பாகையைத் தொடும் பிற்பகல்களில் நீரைக் காக்க அவை ஒடுங்கிவிடுவதால், இலையின் உழைப்பு பெரும்பாலும் முற்பகலில்தான் நடக்கிறது. வேர் காய்ந்தால் அந்த முற்பகலும் சுருங்கிவிடும்.

இலை பிறந்த உடனே சம்பாதிப்பதில்லை. மொட்டுக்குள் நடுநரம்பை ஒட்டி நீளவாக்கில் இரண்டாக மடிந்து கிடக்கும் கொழுந்து, விரிந்து தன் முழு அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ எட்டும்வரை, மரத்திடமிருந்து வாங்கித் தின்னும் குழந்தைதான். அதன் பிறகே பெறுவதைவிட அதிகமாகக் கொடுக்கத் தொடங்கி, முழுதாக விரிந்த பருவத்தில் உச்சத்தை அடைகிறது. அது அனுப்பும் சரக்கில் நாம் அறிந்த சர்க்கரையோடு, சர்பிட்டால் என்ற சர்க்கரை போன்ற இனிப்புப் பொருளும் பெருமளவில் உண்டு; ஆப்பிள் உள்ளிட்ட அதன் உறவு மரங்களுக்கும் இதே வழக்கம்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரியே. ஒரு பீச் பழம் நல்ல அளவுக்குப் பெருக்க 30 முதல் 40 இலைகள் வேண்டும் என்பது பழத்தோட்டக்காரர்களின் பொதுக்கணக்கு. காய்கள் கூடினால் இலைகள் சற்று வேகமாக உழைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த வேகத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. எனவே கொட்டை கெட்டிப்படுவதற்கு முன்பே, இரு காய்களுக்கிடையே 15 முதல் 20 சென்டிமீட்டர் இருக்கும்படி கழித்துவிட வேண்டும். தாமதித்துக் கழித்தால் எஞ்சிய காய்களுக்குப் பயன் குறைவு.

குளிர்காலக் கவாத்தின்போது மரத்தின் நடுப்பகுதியைக் கிண்ணம்போலத் திறந்துவிடுங்கள். நிழலில் அகப்பட்ட இலைகள் அதிகம் ஈட்டுவதில்லை, உட்கிளைகளும் நாளடைவில் பட்டுப்போகும்.

காய்களைக் கழிக்க உங்கள் மனைவிக்கு இன்னமும் மனம் வரவில்லை என்றால், ஒரு பெரிய கிளையை மட்டும் அவருக்கென்று அப்படியே விட்டுவிடுங்கள். பீச்சில் கிளைகள் பெரும்பாலும் தத்தம் இலைகளின் சம்பாத்தியத்தில்தான் காய்களை வளர்க்கின்றன. ஆகவே அடுத்த ஜூலையில் இரண்டு கிளைகளின் பழங்களையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்து, வழக்கை வீட்டுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளலாம்.