சிங்களத்தில் எழுதிய தண்டப் பத்திரத்தில் உடனே பணம் கட்டிவிடாதீர்கள், தம்பி

சம்மாந்துறை – அம்பாறை வீதியில் மெதுவாக ஓட்டியதாகப் பொலிஸார் உங்கள் முச்சக்கரவண்டியை மறித்து, அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு, சிங்களத்தில் எழுதிய தண்டப் பத்திரத்தைத் தந்ததாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் கொதித்தது. அறுவடைக் காலத்தில் அந்த வீதியின் பாதியில் நெல் காய்கிறது. பாய் விரித்து ஒரு கிழவி காலால் கிளறிக்கொண்டிருப்பாள். அங்கே வேகமாக ஓட்டுபவன்தான் குற்றவாளி. முச்சக்கரவண்டிக்கு உச்சவேகமே மணிக்கு 40 கிலோமீற்றர்.

முதலில் அந்தப் பத்திரத்தில் எந்தக் குற்றம் குறிக்கப்பட்டிருக்கிறது என்று சிங்களம் தெரிந்த ஒருவரிடம் வாசித்துக் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் 14 நாட்களுக்குள் தபாலகத்தில் கட்டலாம். வீதியில் யார் கையிலும் காசு கொடுக்காதீர்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் பணம் கட்டாமல் நீதவான் நீதிமன்றத்தில் குற்றமற்றவர் என்று சொல்லலாம். பிறருக்குத் தடையாக ஓட்டியதாகக் குற்றம் குறிக்கப்பட்டிருந்தால், அப்படி ஓட்டினீர்களா என்பதே அங்கே கேள்வி. போகுமுன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

இலங்கையில் தமிழும் அரசகரும மொழி. கிழக்கு மாகாணத்தில் அது நிர்வாக மொழியும்கூட. தமிழில் கேட்பது சலுகையல்ல. மொழி மறுக்கப்பட்டதை அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். இன்றே இடம், நேரம், அதிகாரியின் இலக்கம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள்.