நழுவும் கியரும் ஒரு மெல்லிய கேபிளும்: வாசகர் கேள்வி, கராஜ் பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா. என்னிடம் 1989ஆம் ஆண்டு செவ்ரோலெற் பிக்கப் இருக்கிறது. 5.7 லீற்றர் எஞ்சின், நான்கு கியர் ஒட்டோமற்றிக். கோடை விடுமுறையில் நானும் மகனுமாகச் சேர்ந்து கம்பியூட்டர் இன்ஜெக்ஷனைக் கழற்றிவிட்டு, நான்கு துளைக் கார்பரேற்றர் ஒன்றைப் பூட்டினோம். எஞ்சின் அருமையாக ஓடுகிறது. ஆனால் கியர்கள் எல்லாம் மிகச் சீக்கிரமே மாறிவிடுகின்றன. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது எஞ்சின் மட்டும் வீரிட்டுச் சுற்றுகிறது, பிறகுதான் மெதுவாகப் பிடிக்கிறது. நெடுஞ்சாலை 401இல் எஞ்சின் சுற்று முன்பைவிடக் கூடுதலாக இருக்கிறது. ஒரு கடையில் ரான்ஸ்மிஷனை முழுதாகப் பிரித்துக் கட்ட 4,000 டொலர் கேட்கிறார்கள். இரண்டு வாரமாக இப்படியே வேலைக்கு ஓட்டிப் போய் வருகிறேன். கட்டித்தான் ஆகவேண்டுமா?
— வாசகர், ஸ்காபரோ

பதில்: தம்பி, சாவியை மேசையில் வையுங்கள். கீழே சொல்வதைப் பார்த்து முடிக்கும்வரை அந்தப் பிக்கப்பை எடுக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது 4,000 டொலர் அல்ல, ‘இரண்டு வாரமாக’ என்ற சொல்தான்.

கார்பரேற்றரில் மட்டும்தான் கை வைத்தோம், ரான்ஸ்மிஷனைத் தொடவேயில்லை என்று நினைக்கிறீர்கள். தொட்டுவிட்டீர்கள். பழைய இன்ஜெக்ஷனைக் கழற்றியபோது, அக்சிலரேற்றர் கேபிளுக்குப் பக்கத்தில் இன்னொரு மெல்லிய கேபிள் இருந்திருக்கும். எஞ்சினின் பின்புறமாக இறங்கி ரான்ஸ்மிஷனுக்குள் போகும். அதை ரி.வி. கேபிள், அதாவது துரொட்டில் வால்வு கேபிள் என்போம். துரொட்டில் என்பது நீங்கள் அக்சிலரேற்றரை மிதிக்கும்போது எஞ்சினுக்குக் காற்றைத் திறந்துவிடும் கதவு. அதைப் புதிய கார்பரேற்றரில் எங்கே, எப்படிக் கொளுவினீர்கள் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. என் சந்தேகம் முழுவதும் அங்கேதான்.

உங்கள் வண்டியில் இருப்பது 700ஆர்4. ஜெனரல் மோட்டோர்ஸ் 1982 மொடல்களில் கொண்டுவந்த கியர்ப்பெட்டி. 1990இல் 4எல்60 என்று பெயர் மாறியது. 1993இல் அதன் எலெக்ரோனிக் வடிவம் வந்த பிறகுதான் இந்தக் கேபிளுக்கு வேலை இல்லாமல் போனது. அதற்கு முந்திய பெட்டிக்கு, எஞ்சின் எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று சொல்ல வேறு ஆள் கிடையாது. நீங்கள் அக்சிலரேற்றரை மிதிக்க, கேபிள் உள்ளே இருக்கும் வால்வை இழுக்கிறது. அதற்கேற்ப ஒயில் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம்தான் கிளச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கிறது. கியர் எப்போது மாறவேண்டும் என்பதையும் அதே கேபிள்தான் பாதி தீர்மானிக்கிறது. கேபிள் தளர்ந்திருந்தால், நீங்கள் மெதுவாகத்தான் போகிறீர்கள் என்று பெட்டி நினைத்துக்கொள்கிறது. கியரை முன்கூட்டியே மாற்றிவிட்டு, அழுத்தத்தையும் குறைத்து வைத்திருக்கிறது. நீங்கள் எழுதிய அறிகுறி அச்சொட்டாக இதுதான்.

கிணற்றில் வாளி இழுத்தவர்களுக்கு இது புரியும். கயிற்றை இறுகப் பிடித்தால் வாளி மேலே வரும். தளரப் பிடித்தால் கயிறு வழுக்கும், உள்ளங்கையும் எரியும். உங்கள் கிளச் தட்டுகள் இரண்டு வாரமாக உள்ளங்கையை எரித்துக்கொண்டிருக்கின்றன.

இதைப் பலர் ‘கிக்-டவுன் கேபிள்’ என்று சொல்லிச் சொல்லியே கெடுத்துவிட்டார்கள். பழைய ரேர்போ 350 பெட்டியில் இருந்தது அது. அங்கே அழுத்தத்தைக் கவனிக்க வெற்றிட மொடியுலேற்றர் என்று தனியாக ஒன்று உண்டு, கேபிள் அறுந்தாலும் பெட்டி உடனே சாகாது. அந்த அனுபவத்தை 700ஆர்4க்குக் கொண்டுவந்தவர்கள் எத்தனையோ பெட்டிகளைக் கொன்றிருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர், மொன்றியலில் திருமணம் என்று குடும்பத்தோடு புறப்பட்டார். உங்களைப் போலவே புதிதாகக் கார்பரேற்றர் பூட்டிய வண்டி. கிங்ஸ்ரனைத் தாண்டுவதற்குள் மூன்றாம் கியர் போய்விட்டது. இழுவை வண்டியில் என்னிடம் வந்தது. மூடியைத் திறந்தேன். தேவையில்லாத கம்பி என்று நினைத்து அந்தக் கேபிளை ஒரு பிளாஸ்ரிக் பட்டியால் ஓரமாகக் கட்டி வைத்திருந்தார். கீழே ஒயில் தட்டைக் கழற்றினால், கோப்பி வண்டல் போல ஒரு கறுப்பு. கிளச் தட்டின் பூச்சு, தோசைக் கல்லில் ஒட்டிக் கருகிய மாவு போல விரலோடு உரிந்து வந்தது. அந்த மனிதர் என் பக்கத்தில் நின்று அந்தப் பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் இப்போது செய்யவேண்டியது இது. எஞ்சின் ஓடக்கூடாது. மகனை உள்ளே இருத்தி அக்சிலரேற்றரை அடிவரை மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கார்பரேற்றரில் கேபிளைப் பாருங்கள். முழுதாக மிதித்த நிலையில் கேபிள் முற்றாக இழுபட்டிருக்க வேண்டும். விரலால் இழுத்துப் பார்த்தால் மேலும் வரக்கூடாது. காலை எடுத்ததும் தொய்வில்லாமல் தன் இடத்துக்குத் திரும்பவேண்டும். தொய்வு தெரிந்தால், கேபிள் உறையின் நுனியில் ஒரு சிறிய உலோக நாக்கு இருக்கும். அதை அழுத்திப் பிடித்தபடி நகரும் துண்டைத் துரொட்டிலுக்கு எதிர்ப்பக்கமாக முடிவரை தள்ளுங்கள். நாக்கை விடுங்கள். பிறகு துரொட்டில் நெம்பை முழுதாகத் திறங்கள். ‘கிளிக், கிளிக்’ என்று அது தானாகவே தன் அளவை எடுத்துக்கொள்ளும். கண்மதிப்பில் எந்த இடத்திலும் நிறுத்தாதீர்கள்.

இதோடு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உங்கள் கார்பரேற்றர் எந்த வகை என்று எழுதவில்லை. 700ஆர்4க்கென்றே வந்த பழைய குவாட்ராஜெற் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஹோலி, எடல்புறொக் போன்ற கடைக் கார்பரேற்றர் என்றால், கேபிள் கொளுவும் முளை துரொட்டில் அச்சிலிருந்து சரியான தூரத்திலும் கோணத்திலும் இருக்காது. முழுத் துரொட்டிலில் அளவு சரியாக வந்தாலும், பாதி மிதியில் கேபிள் போதிய அளவு இழுபடாது. நாம் நாள் முழுதும் ஓட்டுவது அந்தப் பாதி மிதியில்தானே? இதற்கென்றே திருத்தும் தகடும் பிறாக்கெற்றும் விற்கிறார்கள். அதை வாங்கிப் பூட்டாமல் வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள்.

அடுத்து, ஏற்கெனவே நடந்த சேதத்தைப் பார்க்கவேண்டும். ஒயில் குச்சியை இழுத்து, வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி விடுங்கள். சிவப்பாகப் பரவினால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். மண்ணிறமாகி, அடிப்பிடித்த சோற்றின் நெடி வந்தால் உள்ளே எரிந்திருக்கிறது. எப்படியானாலும் பெட்டியின் அடியிலுள்ள ஒயில் தட்டைக் கழற்றித்தான் ஆகவேண்டும். அதனுள் இருக்கும் காந்தத்தில் மென்மையான சாம்பல் களி படிந்திருப்பது இந்த வயதுப் பெட்டிக்கு வழமை. கறுப்புத் துகள் மணல் போலக் குவிந்திருந்தால் அது கிளச்சின் பூச்சு. இந்தப் பெட்டியில் முதலில் போவது மூன்றுக்கும் நான்குக்கும் பொதுவான கிளச்தான். ஒன்று, இரண்டு, பின் கியர் நன்றாக இருந்து, மூன்றும் நான்கும் நழுவினால் அதையே சந்தேகியுங்கள். மூன்று உறுதியாகப் பிடித்து, இரண்டும் நான்கும் மட்டும் நழுவினால் அது பான்டின், அதாவது அந்த இரண்டு கியர்களிலும் உருளையைச் சுற்றி இறுக்கும் பட்டியின் குறை.

துகள் கொஞ்சமாக இருந்தால் புதிய பில்ற்றர், புதிய டெக்ஸ்ரன் ஒயில் என்று போட்டு மூடலாம். தட்டில் இருந்து வடிவது ஐந்து லீற்றர் அளவில்தான். பில்ற்றரை மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய பில்ற்றர் கழுத்தின் சீல் மேலே பம்பிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதை எடுக்காமல் புதியதைத் திணித்தாலோ, சீலே இல்லாமல் பூட்டினாலோ, பம்ப் ஒயிலோடு காற்றையும் உறிஞ்சும். மறுபடியும் நழுவும், நீங்கள் மறுபடியும் கேபிளைக் குற்றம் சொல்வீர்கள்.

பிறகு, ஓட்டிப் பார்ப்பதற்கு முன், பெட்டியின் இடப்பக்கத் துளையில் 300 பி.எஸ்.ஐ. வரை காட்டும் ஒயில் அழுத்தக் கேஜ் ஒன்றைப் பூட்டச் சொல்லுங்கள். துரொட்டிலை மெல்லத் திறந்த கணத்திலேயே முள் ஏறத் தொடங்கவேண்டும். 4,000 டொலர் கேட்ட கடையில் கேஜ் பூட்டினார்களா, மூடியைத் திறந்து கேபிளைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் அங்கே கொடுக்க வேண்டாம். கிளச் உண்மையாகவே எரிந்திருந்தால் கட்டித்தான் ஆகவேண்டும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் கேபிளைத் திருத்தாமல் கட்டிய புதிய பெட்டியும் அதே வழியில்தான் போகும். அந்தப் பணத்தை இருமுறை கொடுக்கும் நிலை உங்களுக்கு வரக்கூடாது.

401இல் சுற்று கூடுதலாக இருப்பது வேறு விஷயம், அது நழுவல் அல்லாமலும் இருக்கலாம். எஞ்சினையும் பெட்டியையும் ஒயில் வழியே இணைப்பது கொன்வேற்றர். நான்காம் கியரில் அதை வழுக்காமல் பூட்டிவிடும் லொக்-அப் கிளச்சுக்குக் கட்டளை கொடுத்தது நீங்கள் கழற்றிய கம்பியூட்டர்தான். இப்போது கட்டளையிட ஆள் இல்லை. கொன்வேற்றர் பூட்டாமலே ஓடுகிறது. சுற்று சில நூறு கூடும், ஒயிலும் சூடேறும். கம்பியூட்டர் இல்லாமலே லொக்-அப்பை இயக்க வயரிங் கிற் கிடைக்கிறது. அதையும் இந்த வேலையோடு சேர்த்து முடியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் மாமாவின் கராஜில் மொறிஸ் மைனருக்கும் ஒஸ்ரின் ஏ40க்கும் நடுவில் தொழில் பழகியவன் நான். அங்கே கிளச் நழுவினால் ஒரு நட்டைத் திருப்பிவிட்டு மாதக்கணக்கில் ஓட்டினோம். ஒட்டோமற்றிக்கில் அந்தப் பழக்கம் ஆகாது. நழுவிய ஒவ்வொரு கிலோமீற்றரும் உள்ளே எரிந்த கிலோமீற்றர். மகனோடு சேர்ந்து கை அழுக்காக வேலை செய்திருக்கிறீர்கள், அதை நிறுத்தாதீர்கள். இந்தக் கேபிளையும் அவனே சரிசெய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் 2005 ஹோண்டா ஒடிசிக்குப் படகு இழுப்பதற்காக என் கணவர் கூடுதல் ஒயில் கூலர் ஒன்றை வீட்டிலேயே பூட்டினார். எஞ்சினை ஓடவிட்டு அளந்து, குறைவாகக் காட்டியதால் ஒயில் ஊற்றினார். இப்போது சூடானதும் நழுவுகிறது. குச்சியில் நுரை தெரிகிறது.
— வாசகி, மார்க்கம்

பதில்: தங்கச்சி, கூலரில் பிழை இல்லை என்றே நினைக்கிறேன், அளந்த முறையில்தான் பிழை. ஜி.எம். வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது அளக்கவேண்டும். ஹோண்டாவில், நன்றாகச் சூடான பின் எஞ்சினை நிறுத்தி, 60 முதல் 90 விநாடிக்குள் அளக்கவேண்டும். ஓடும்போது பார்த்தால் ஒயிலின் ஒரு பகுதி மேலே சுற்றிக்கொண்டிருக்கும், குச்சி குறைவாகவே காட்டும். அதை நம்பி ஊற்றியதில் அளவு மீறிவிட்டது. மிஞ்சிய ஒயிலைச் சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்குகின்றன. நுரையில் காற்று இருக்கிறது, காற்று அமுங்கும், கிளச்சுக்குப் பிடி கிடைக்காது. மோர் கடைந்தவருக்கு இது தெரியும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சரியான முறையில் அளந்து, மிஞ்சியதை வடியுங்கள். ஊற்றியது ஹோண்டாவின் இசட்-1 அல்லது அதற்குப் பதிலாக வந்த டி.டபிள்யூ-1தானா என்று போத்தலைப் பாருங்கள். வேறு ஒயில் என்றால் முழுவதையும் மாற்றுங்கள். ஒருமுறை வடித்தால் எல்லாம் வராது, இரண்டு மூன்று தடவை வடித்து ஊற்றவேண்டும். கூலருக்குப் போட்ட இறப்பர் குழாயில் ரான்ஸ்மிஷன் ஒயிலுக்கானது என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சாதாரணக் குழாய் அந்தச் சூட்டுக்கு நிற்காது. நெடுஞ்சாலையில் அது வெடித்தால் சில நிமிடங்களில் பெட்டி வெறுமையாகிவிடும்.

கேள்வி: நழுவும் கியரை நிறுத்தும் என்று போத்தலில் விற்கும் மருந்தை ஊற்றலாமா?
— வாசகர், பிறம்ப்டன்

பதில்: வேண்டாம். காய்ந்துபோன இறப்பர் சீலைச் சற்று ஊதவைத்துச் சில நாள் தள்ளிப்போட அதனால் முடியும். எரிந்துபோன கிளச் பூச்சு அதனால் திரும்பி வராது. முதலில் ஒயில் அளவைச் சரியான முறையில் பாருங்கள். அடுத்து, நழுவல் தொடங்குவதற்கு முந்திய வாரம் வண்டியில் யார், எந்த இடத்தில் கை வைத்தார்கள் என்று எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துத்தான் மேலே சொல்ல முடியும்.